ஒரு வேளை நான் இல்லன்னா

வெண்டைக்காயைக் கழுவி, துணியில் ஒற்றித் துடைத்த பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும், ஈரத்தோடு நறுக்கினால் குழம்பு கொழகொழத்துவிடும் என்பது, மனைவி வனஜா போன பிறகு அப்படி நாலைந்து குழம்பைத் தானே வைத்துத் தானே தின்று தீர்த்துத்தான் தர்மலிங்கத்துக்குப் பிடிபட்டது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது. உறையூர் கடைவீதியில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வாரம் முழுக்க வருகிறவர்கள் எழுத்துப் பலகையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அவரையும் சுருக்கிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் புளிக்குழம்பு, பொரித்த அப்பளம், அப்புறம் மத்தியானம் வெயில் சாய்கிறவரை ஒரு புத்தகம். ஒவ்வொரு காயாகத் தலையைக் கிள்ளி, வாலைக் கிள்ளி, விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொண்டே எண்ணெய் டின் மேல் சாய்த்து வைத்திருந்த செல்போனை இடது கைச் சுண்டுவிரலால் தள்ளிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. காலையிலேயே வந்திருக்கிறது. இவர்தான் சார்ஜரில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். பியூலா டீச்சர். வாட்ஸ்அப் குழுவில் இல்லை, தனியாக. 'சார், ஒரு வேளை நான் இல்லன்னா மிளகைப் பாத்துக்குவீங்களா?' அவ்வளவுதான். அதற்குக் கீழே இன்னொன்று வந்து, போயிருக்கிறது: இந்தச் செய்தி நீக்கப்பட்டது. தர்மலிங்கம் வெண்டைக்காய்க் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தார். எழுத்து மாறவில்லை. 'என்ன டீச்சர், உங்களுக்கு என்ன ஆச்சு?' என்று அடித்து அனுப்பினார். ஒரே ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. அங்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். விழும், விழும் என்று பார்த்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது, கடுகைப் போட்டால் கடுகு வெடித்துக் கை மணிக்கட்டில் தெறித்தது, அந்தச் சுரீர் கூட வேறு யாருக்கோ நடந்த மாதிரி கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

மிளகு என்றால் நாய். கறுப்பு நாட்டு நாய், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அந்த மடிந்த காதுக்காகவே குழுவின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது, ஏனென்றால் குழுவின் பெயரே 'மடித்த பக்கம்'. நாகூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சாகுல் பாய் ஆரம்பித்தது. புத்தகம் படிக்கிற முப்பது நாற்பது பேர், ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லை. அரசியல் கூடாது, பூ போட்ட காலை வணக்கம் கூடாது, சொந்த முகத்தைப் போடக் கூடாது. முகம் வந்தால் பிறகு அழகு வரும், வயசு வரும், வம்பு வரும் என்பார் பாய். தினமும் மூன்றே மூன்று போட்டோ: தட்டில் என்ன, மடியில் யார், கையில் எது. அதாவது சாப்பாடு, வளர்க்கிற பிராணி, படிக்கிற புத்தகம். தாம்பரம் கோமதி, பாங்க்கில் வேலை, வீட்டில் இரண்டு பூனை. பாய்க்குப் புறா. மடியில் வைக்க ஒன்றும் இல்லாத தர்மலிங்கம் ஆரம்பத்தில் டியூப் லைட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் பல்லியைப் படம் எடுத்துப் போட்டார். 'இதுக்குப் பேர் வச்சாச்சா சார்?' என்று முதல் ஆளாகக் கேட்டது பியூலா டீச்சர்தான். இல்லை என்றதும் அவரே 'ட்யூப்' என்று வைத்தார். அன்றிலிருந்து தினமும் டீச்சர் ட்யூப்பை நலம் விசாரிப்பதும், இவர் மிளகின் போட்டோவுக்கு ஒரு சிவப்பு ஆர்ட்டின் போடுவதும் வழக்கமாகிவிட்டது. போட்ட ஆர்ட்டின்களை எல்லாம் சேர்த்தால் ஒரு கூடை தேறும். ஆனால் தர்மலிங்கத்துக்கு நாய் என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை. சின்ன வயசில் பால் வாங்கப் போன இடத்தில் கெண்டைக்காலைக் கவ்வி, பெரியாஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டதில் இருந்து, தெருமுனையில் ஒரு நாய் படுத்திருந்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவர். அது தூங்கும் நாயாக இருந்தாலும் சரி, குட்டியாக இருந்தாலும் சரி. போட்டோவில் இருக்கும் நாய் கடிக்காது என்பதால் ஆர்ட்டின் போட்டார், பிறகு ஆர்ட்டின் போட்டுப் போட்டு உண்மையாகவே பிடித்துப்போய்விட்டது, அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரை. இப்போது அந்த நாயைப் பார்த்துக்கொள்வீர்களா என்று ஒருத்தர் கேட்கிறார். ஏன் இவரிடம்? பல்லியை நன்றாகப் பார்த்துக்கொண்டதாலா? ஊரில் வேறு ஆளே இல்லையா? அப்படி ஆளே இல்லாத ஒரு பெண் என்ன காரணத்துக்காக, யாரை நம்பி, எந்த யோசனையில், அதுவும் விடிந்ததும் விடியாததுமாக.

நான் இல்லன்னா. தாளிப்பில் வெங்காயத்தைப் போட்டு, பூண்டைப் போட்டு, வெண்டைக்காயைப் போட்டு, கரண்டியை இப்படியும் அப்படியும் தள்ளியபடி அந்த ஒரு வார்த்தையைத் தர்மலிங்கம் நாக்கில் வைத்துப் புரட்டினார். அவர் இல்லையே, வெளியே போயிருக்காரே என்பதற்கும் அதே இல்லைதான். அவர் இல்லை, போன தை மாசம் தவறிட்டாரு என்பதற்கும் அதே இல்லைதான். ஊருக்குப் போகிறவர்களும் சொல்வார்கள், ஒரேயடியாகப் போகிறவர்களும் சொல்வார்கள். கடையில் ஒரு லென்ஸைப் போட்டு எழுத்தைக் காட்டி, அடுத்த லென்ஸை மாட்டி, முதல்ல பாத்தது தெளிவா இருந்துச்சா, இப்ப பாக்குறதா என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள், ரெண்டும் ஒண்ணாத்தான் சார் இருக்கு என்பார்கள், இவர் மனசுக்குள் சலித்துக்கொள்வார், தன் கண்ணுக்கு எது தெரிகிறது என்று கூடவா ஒரு மனுஷனுக்குத் தெரியாது என்று. இப்போது தெரியவில்லை. ஒரு லென்ஸில் பார்த்தால் டீச்சர் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ பத்து நாள் போகிறார், நாயை எங்கே விடுவது என்று கவலைப்படுகிறார். மகன் இருக்கிறானா? தெரியாது. இன்னொரு லென்ஸை மாட்டினால். வேண்டாம். வனஜா இந்த வார்த்தையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள். நான் இல்லன்னா இந்த வீட்ல தீப்பெட்டி எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு, நான் இல்லன்னா உங்க பனியன் துவைக்க ஆளு உண்டா. சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை தேய்ந்து வழவழப்பாகி, அதில் ஒரு முனையும் இல்லாமல் போயிருந்தது. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அப்புறம் ஒரு நாள் நிஜமாகவே இல்லாமல் போனாள், காய்ச்சல் என்று படுத்தவள். தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் கண்டெடுத்தபோதுதான் அந்த வார்த்தைக்கு முனை இருந்தது தெரிந்தது. அதனால் பெண்கள் நான் இல்லன்னா என்று சொன்னால் அது சும்மா பேச்சு. அதனால் பெண்கள் நான் இல்லன்னா என்று சொன்னால் அது சும்மா பேச்சு இல்லை. புளித்தண்ணீரை ஊற்றினார். உப்புப் போட்டார். மிளகாய்த்தூள் போட்டார். போட்டோமா, போடலையா என்று யோசித்து இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டார். ஒரே ஒரு டிக்.

சாதாரணமாகவே கூப்பிட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. இத்தனை நாள் பழக்கத்தில் ஒரு முறை கூடப் பேசியதில்லை, எழுத்துதான். டீச்சரின் குரல் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. படிக்கும்போது ஒரு மெல்லிய, நிதானமான குரலில் தானாகவே கேட்கும், அது யாருடைய குரல் என்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஆண்பிள்ளை ஒரு பெண்ணுக்குப் போன் செய்தால், பக்கத்தில் வீட்டுக்காரர் இருந்தால்? வீட்டுக்காரர் இருக்கிறாரா? அது போகட்டும் என்று நம்பரை அழுத்தினார். நீங்கள் அழைக்கும் எண் ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது என்று ஒரு பெண் ரொம்பவும் சந்தோஷமாகச் சொன்னாள். மறுபடி அழுத்தினார். அதே சந்தோஷம். அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழுவில் டீச்சர் போட்ட படங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார். இவர் வேலையே மற்றவர்கள் பார்வையைச் சோதிப்பது. ஆனால் இத்தனை நாளும் இந்தப் படங்களைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது. டீச்சர் வழக்கமாகச் சாப்பிடும் தட்டு, ஓரத்தில் நீலப் பூப்போட்ட பீங்கான். அதில்தான் உளுந்தஞ்சோறு வரும், எள்ளுத் துவையல் வரும், சனிக்கிழமை என்றால் மீன் வரும். ஆனால் இந்த வாரம் எல்லாமே குழி குழியாகப் பிரித்த எவர்சில்வர் தட்டு. ஒரு குழியில் இரண்டு இட்லி, ஒரு குழியில் தண்ணியாகச் சாம்பார், மற்ற குழிகள் காலி. எங்கே கொடுப்பார்கள் இந்த மாதிரித் தட்டு? ஹாஸ்டலில். மெஸ்ஸில். ஆஸ்பத்திரியில். கல்யாண வீட்டில் இலைதான் போடுவார்கள், கல்யாண வீடு இல்லை. புத்தகத்தைப் பார்த்தார். தடித்த நாவல், நடுவில் மஞ்சள் நூல் கட்டிய பக்க அடையாள அட்டை. வாரம் பூராவும் அந்த நூல் அதே இடத்தில்தான் தொங்குகிறது. நாளொன்றுக்கு ஐம்பது பக்கம் படித்துவிட்டு, 'இவன் செத்தா நல்லாருக்கும் சார், ஆனா சாக மாட்டான்' என்று கதாநாயகனைத் திட்டுகிறவர் ஒரு பக்கம் கூடத் திருப்பவில்லை. அப்புறம் நாய். நேற்று வந்த மிளகு ஜன்னலோரம் படுத்திருக்கிறது, ஜன்னலில் சிவப்புக் காகித நட்சத்திரம் தொங்குகிறது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம். இது ஆடி மாசம். முந்தாநாள் மிளகு ஸ்வெட்டர் மாதிரி ஏதோ போட்டிருக்கிறது. எல்லாம் பழைய படம். இதற்கெல்லாம் ஆர்ட்டின் போட்டிருக்கிறார். கோமதி 'ஸோ க்யூட்' என்று போட்டிருக்கிறாள். ஆகமொத்தம் டீச்சர் வீட்டில் இல்லை, டீச்சரோடு நாய் இல்லை, டீச்சர் படிக்கவும் இல்லை, ஆனால் தினமும் மூன்று படம் போட்டு எல்லாம் இருக்கிற மாதிரிக் காட்டியிருக்கிறார்.  

கோமதிக்குப் போன் செய்தார். பின்னால் பூனை கத்துவது கேட்டது. "கோமதிம்மா, நம்ம பியூலா டீச்சருக்கு எந்த ஊரு?" என்றார். "நாகர்கோவில் சார். ஏன் சார்?" "நாகர்கோவிலா? சாத்தான்குளம்னு நினைச்சேன்." "இல்ல சார், நாகர்கோவில்தான். அவங்க ஹஸ்பெண்ட் கப்பல்ல இருக்காரு." "கல்யாணம் ஆயிடுச்சா அவங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று தர்மலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார். கோமதி சிரித்தாள். "என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? ஒரு தடவை கடல் பத்தின நாவல் படிச்சப்ப எழுதியிருந்தாங்களே, கப்பல்ல போனவங்களுக்காகக் காத்திருக்குறது எனக்குத் தெரியும்னு." இவரும் அதைப் படித்திருந்தார். அது அப்பாவைப் பற்றி என்று நினைத்திருந்தார். சாகுல் பாயைக் கூப்பிட்டால் அவர் இன்னொரு டீச்சரை வைத்திருந்தார். "பாளையங்கோட்டை அண்ணே. புருஷன் மவுத்தாகி ரொம்ப வருஷமாச்சு. இங்கிலீஷ் டீச்சர்." "தமிழ் டீச்சர் இல்லையா பாய்?" "தமிழா? யார் சொன்னா?" யாரும் சொல்லவில்லை. தமிழ்ப் புத்தகம் படிக்கிறவர் தமிழ் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று இவரே முடிவு கட்டியது. ஒரு மனுஷி தினமும் என்ன சாப்பிட்டாள், அவளுடைய நாய் எந்தச் செருப்பைக் கடித்தது, எந்த அத்தியாயத்தில் அழுதாள் என்றெல்லாம் தெரியும். எந்தத் தெரு, வீட்டில் யார், அதெல்லாம் தெரியாது. தர்மலிங்கம் காலையில் வந்த செய்தியைப் படித்துக் காட்டினார்.  பாய், "அண்ணே, இது எனக்கும் வந்துச்சு, நேத்து சாயங்காலம்" என்றார். "உங்களுக்குமா?" "ஆமா. மிளகுக்கு என்ன ஆச்சு டீச்சர்னு கேட்டேன். ஒண்ணுமில்ல பாய், சும்மா கேட்டேன்னு சிரிக்கிற பொம்மை போட்டாங்க. நானும் விட்டுட்டேன். புறா வளக்குற வீட்ல நாய எப்படி வைக்கிறதுன்னு வேற யோசனை." போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில், பாய் சொல்லித் தெரிந்துகொண்ட கோமதி எழுதினாள்: 'சார் எனக்கும் அதே மெசேஜ் வந்துச்சு. பூனை இருக்கேன்னு சொல்லிட்டேன். மிளகுக்கு உடம்பு சரியில்லையோ?' தனக்கு மட்டும் வந்தது இல்லை என்று தெரிந்ததும் ஒரு சின்ன வலி, சட்டைக்குள் எறும்பு கடித்த மாதிரி, எங்கே என்று தொட்டுப் பார்க்க முடியாமல். அந்த வலி வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. ஒருத்தர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதபோது, நீ எத்தனாவது ஆள் என்பதா இப்போது முக்கியம்?

ஆனால் எல்லாரிடமும் கேட்டது இன்னும் மோசம். வரிசையாகக் கதவைத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறார், வெவ்வேறு ஊரில், முகம் தெரியாத வீடுகளில். எல்லாரும் உள்ளே இருந்துகொண்டே, நாய்க்கு என்ன, நாய்க்கு என்ன என்று கேட்டிருக்கிறோம். நீக்கிய செய்தியில் என்ன இருந்திருக்கும்? முதலில் எழுதியதற்கு விளக்கமா, மன்னிப்பா, மருந்து பெயரா, முகவரியா. எழுதி, அனுப்பி, பிறகு வேண்டாம் என்று தோன்றி எடுத்திருக்கிறார், எடுத்த பிறகு போனை அணைத்திருக்கிறார். அந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? தர்மலிங்கம் எழுந்து போய் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். பித்தான் போட்டார். எங்கே போவது? சாத்தான்குளமா, நாகர்கோவிலா, பாளையங்கோட்டையா? போய் எந்தக் கதவைத் தட்டி, காது மடிந்த கறுப்பு நாய் வளர்க்கிற டீச்சர் வீடு எது என்று கேட்பதா? போலீஸுக்குச் சொல்லலாமா? என்னவென்று சொல்வது, ஒரு அம்மா தட்டை மாற்றிவிட்டார் என்றா? சட்டையைக் கழற்றினார். பூனாவில் இருக்கும் மகள் கயல்விழிக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள்? அப்பா, யாருப்பா அது, எத்தனை நாளா பேசுறீங்க என்பாள். அந்த 'பேசுறீங்க'வில் ஒரு சிரிப்பு இருக்கும். நாங்கள் பேசவே இல்லையே, புளிக்குழம்பு பற்றித்தானே எழுதிக்கொண்டோம் என்று சொன்னால் அது இன்னும் தப்பாகக் கேட்கும். ஒரு வேளை எல்லாமே தன் கற்பனையோ? கதை படித்துப் படித்து, எதை எடுத்தாலும் அடியில் ஒன்று ஒளிந்திருக்கும் என்று தேடுகிற புத்தி. டீச்சர் ஏதாவது பள்ளிக்கூட ஹாஸ்டலில் வார்டனாக வேலைக்குச் சேர்ந்திருக்கலாம், அங்கே நாய் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், தட்டும் குழியாகத்தான் இருக்கும். எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. சிரித்துக்கூட விட்டார். சிரித்த வாய் மூடுவதற்குள் அந்தச் சிவப்பு நட்சத்திரம் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்தவர் ஏன் பழைய படம் போட வேண்டும், நான் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று போடுவாரே. குழம்பு வற்றி ஓரங்களில் எண்ணெய் பிரிந்திருந்தது. ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினார். உப்பா புளிப்பா என்று பிரித்துச் சொல்ல வரவில்லை. சட்டையை மறுபடி மாட்டினார். அப்போது போன் அடித்தது.

பியூலா டீச்சர் என்று பெயர் வந்தது. எடுக்கும் அவசரத்தில் போன் கையிலிருந்து நழுவி, வெண்டைக்காய்த் தலைகளுக்கு நடுவில் விழுந்தது.

"தர்மலிங்கம் சாரா?" கனத்த குரல், அடித்தொண்டையில் இருந்து வருகிற குரல், வேகமாக. இத்தனை நாள் தலைக்குள் கேட்ட குரலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. யாரோ டீச்சருடைய போனை எடுத்துப் பேசுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். "ஆமா. நீங்க?"

"பியூலாதான் சார். ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன், போனை அணைச்சு வாங்கி வச்சுக்கிட்டாங்க. இப்பந்தான் குடுத்தாங்க. ஆன் பண்ணா உங்க கால், உங்க மெசேஜ், பாய் மெசேஜ், கோமதி மெசேஜ். ஊரைக் கூட்டிட்டீங்க போல."

"எங்க இருக்கீங்க டீச்சர்?"

"திருநெல்வேலி. ஜங்ஷன் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி. கழுத்துல ஒரு கட்டி சார், தைராய்டுல. நாளைக்குக் காலையில எடுக்காங்க." ஊருக்கு ஒரு பஸ் பிடிக்கப்போகிற மாதிரி சொன்னார். பிறகு கொஞ்சம் நிறுத்தினார். "உயிருக்கு ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுதாங்க. சொல்லுவாங்கல்லா. குரல் நரம்பு ஒட்டிக்கிட்டு இருக்காம். எழுந்திரிச்சா குரல் இருக்கும், இல்லன்னா கரகரன்னு ஆயிரும், அதுவும் இல்லன்னா கொஞ்ச நாளைக்குச் சத்தமே வராதுன்னு சொல்லி கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க. முப்பது வருஷம் கணக்கு டீச்சரா கத்தின தொண்டை சார்."

கணக்கு. தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. தர்மலிங்கம் முக்காலியைத் தேடி உட்கார்ந்தார்.  "கூட யாரு இருக்கா?"

"பக்கத்து வீட்டு செல்லத்தாய் அக்கா வருதேன்னிருக்காங்க. மிளகும் அவங்க வீட்லதான் கட்டிக் கெடக்கு. சோறே எடுக்க மாட்டேங்குதாம். அதான் சார் கேட்டேன். எல்லார்ட்டயும் கேட்டேன், தப்பா நினைக்காதீங்க. ஒருத்தராவது சரின்னு சொல்லிட்டா நிம்மதியா போய்ப் படுப்பேன்னு. எல்லாரும் மிளகுக்கு என்னாச்சு, மிளகுக்கு என்னாச்சுன்னுதான் கேட்டாங்க. நீங்க ஒரு ஆளுதான் சார் எனக்கு என்னாச்சுன்னு கேட்டிருக்கீங்க."

தான் அப்படிக் கேட்டோமா என்று தர்மலிங்கத்துக்கு நிச்சயமாக ஞாபகம் இல்லை. யோசித்து எழுதவில்லை, கையில் என்ன வந்ததோ அதை அடித்தார். அதை ஒரு பெரிய காரியமாக ஏற்றுக்கொள்வதா, இல்லை என்று மறுப்பதா என்றும் தெரியவில்லை. "ரெண்டாவதா ஒண்ணு அனுப்பி எடுத்துட்டீங்களே, அது என்ன டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

மறுமுனையில் டிராலி ஒன்று கடகடவென்று போயிற்று. யாரோ யாரையோ நர்ஸம்மா என்று கூப்பிட்டார்கள்.

"பயமா இருக்கு சார்னு போட்டேன்" என்றார் பியூலா டீச்சர். "போட்டதும் அசிங்கமா இருந்துச்சு. முகம் தெரியாத மனுஷர்ட்ட போய் என்னத்தன்னு. எடுத்துட்டேன்."

தர்மலிங்கம் பேச வாயெடுத்தார். ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகிவிடும் என்பது வாய்வரை வந்தது. அது பொய்யா நிஜமா என்று அவருக்கே தெரியாததால் சொல்லவில்லை. அதற்குப் பதில், ஏன் என்று தெரியாமலேயே, "எனக்கு நாய்னா பயம் டீச்சர்" என்றார்.

"என்னது?"

"நாய்னா பயம். சின்னதுலேர்ந்து. தெருவுல நாய் படுத்திருந்தா அந்தத் தெருவுலயே போக மாட்டேன்."

 அந்தக் கனத்த குரல் சிரித்தது, இருமிக்கொண்டே சிரித்தது. "அப்பம் இத்தன நாளா ஆர்ட்டின் ஆர்ட்டினா போட்டுத் தள்ளினீங்களே!"

"போட்டோவுக்குப் பயமில்ல."

"ஐயோ சார். கழுத்து வலிக்கி. சிரிக்க வைக்காதீங்க." சிரித்து ஓய்ந்து, மூச்சு வாங்கினார். "சரி, விடுங்க. அது என் தலையெழுத்து. நான் வேற யாரையாவது கேக்குதேன்."

"இல்ல டீச்சர்." எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. "நான் வர்றேன். இன்னைக்கே கிளம்பி வர்றேன். நாளைக்கு நீங்க உள்ள போறப்ப வெளிய நிக்கிறேன். அப்புறமா அந்த அக்கா வீட்டுக்குப் போய், மிளகு பக்கத்துல எவ்வளவு தூரம் போக முடியுதோ அவ்வளவு தூரம் போய் நிக்கிறேன். கூட்டிட்டு வருவேனான்னு இப்ப என்னால சொல்ல முடியல. போய் நின்னு பாத்தாத்தான் தெரியும்."

"திருச்சியில இருந்தா? எதுக்கு சார் உங்களுக்கு வீண் அலைச்சல்?"

எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். டீச்சரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "வந்தா நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நம்ம ஒரு போட்டோ கூடப் பாத்துக்கிட்டதில்லையே" என்றார்.

"கண்ணாடி போட்டிருப்பேன்."

"எல்லாருந்தான் சார் போட்டிருக்காங்க."

வேறு என்ன சொல்வது? உயரமா என்றால் உயரம் இல்லை, குட்டையும் இல்லை. தலையில் கொஞ்சம் முடி இருக்கிறது, கொஞ்சம் இல்லை. ஊரில் உள்ள முகங்களுக்கெல்லாம் பொருத்தமான ஃபிரேம் தேடிக் கொடுத்த மனுஷனுக்குத் தன் முகத்தைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"சரி, நீங்க பேசுங்க. இப்பம் குரல் தெரிஞ்சு போச்சுல்லா, அதை வச்சுக் கண்டுபிடிச்சுக்கிடுவேன்" என்றார் டீச்சர். "நாளைக்கு எனக்குப் பேச்சு வருமோ என்னமோ. நான் பதில் சொல்லலைன்னா நிறுத்திராதீங்க சார். நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருங்க."

"என்ன பேசுறது டீச்சர்?"

"என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க. நம்ம வேற என்ன பேசியிருக்கோம்?"

மத்தியான வெயிலில் மதுரை பஸ் கிளம்பியபோது தர்மலிங்கத்துக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் ஒரு பை, அதில் ஒரு மாற்றுச் சட்டை, படித்துக்கொண்டிருந்த புத்தகம். சரியாகத்தான் செய்கிறோமா என்று விராலிமலை தாண்டும்வரை யோசித்தார், தாண்டிய பிறகும் யோசித்தார். கயல்விழிக்கு என்ன சொல்வது, ஆஸ்பத்திரி வாசலில் நீங்க யாரு என்று கேட்டால் என்ன உறவு சொல்வது, நாய் குலைத்தால் ஓடிவிடுவோமா, ஓடினால் அந்தச் செல்லத்தாய் அம்மா என்ன நினைப்பார்கள்.  ஒன்றும் தெரியாமலேயே பஸ் போய்க்கொண்டிருந்தது. துவரங்குறிச்சியில் நின்றபோது ஒரு பெண் கூடையோடு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். காகிதத்தில் சுற்றிய கொய்யாக்காய், கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவியது. வாங்கி ஒரு கடி கடித்தார். பல்லில் விதை நறநறத்தது. இதைச் சொல்லலாம் என்று தோன்றியது. எப்படி ஆரம்பிப்பது? நாளைக்கு அந்த அறைக்குள் போய் நின்றதும் குரல் ஒழுங்காக வெளியே வர வேண்டுமே, இவருக்கே தொண்டை அடைத்துக்கொண்டால் அந்த அம்மாளுக்கு யார் என்று எப்படித் தெரியும். இப்போதே ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிடுவது நல்லது. "கொய்யாக்காய் டீச்சர்" என்றார் மெதுவாக. சத்தம் போதவில்லை. கனைத்துக்கொண்டு, "கொய்யாக்காய் டீச்சர், துவரங்குறிச்சியில வாங்கினது" என்றார். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து, "என்ன சார், என்னையா கூப்பிட்டீங்க?" என்றார்.

"இல்லைங்க" என்றார் தர்மலிங்கம். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே, முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தார்.